கவுண்டி ஃபேரில் அப்பத்தா

2023 ஜூலையில் ஒரு சனிக்கிழமை. கலிஃபோர்னியாவின் ப்ளசன்டனில் நடக்கும் அலமீடா கவுண்டி ஃபேருக்குப் போய்விட்டு, எங்கள் வீடு இருக்கும் ஃப்ரீமான்ட் திரும்பும்போது காரில் யாரும் பேசவில்லை. மூத்தவளுக்கு அப்போது 5 வயது. அழுது ஓய்ந்திருந்தாள். சின்னவனுக்கு 3 கூட ஆகவில்லை. வாந்தி எடுத்த சட்டையைக் கழற்றிவிட்டு வெறும் டயப்பரோடு தூங்கிக்கொண்டிருந்தான். என் மடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மஞ்சள் வாத்து பொம்மை. வளையம் எறிந்து ஜெயித்தது. அதற்கு நாங்கள் கொடுத்த விலை 38 டாலர். வண்டி ஓட்டிக்கொண்டே வீட்டுக்காரர் மொத்தக் கணக்கைச் சொன்னார்: மூன்று மணி நேரம், 200 டாலருக்கு மேல். "இதுக்கு ஊருக்கே ஒரு டிக்கெட்டுல கால்வாசி வாங்கியிருக்கலாம்" என்றார்.

மறு வருடம் அதே இடத்துக்கு அதே குழந்தைகளோடு போனோம். ஐந்து மணி நேரம் இருந்தோம். செலவு பாதிகூட ஆகவில்லை. பிள்ளைகள் யாரும் அழவில்லை. (நான் ஒரு ஏழு நிமிடம் அழுதேன், அதை அப்புறம் சொல்கிறேன்.) ஒரே வித்தியாசம், அந்த வருடம் கூடவே என் மாமியார் வந்திருந்தார். பிள்ளைகளுக்கு அப்பத்தா. திண்டுக்கல் பக்கம். வாழ்நாளில் பாதியை ஆட்டோடும் மாட்டோடும் கழித்தவர்.

கவுண்டி ஃபேர் என்றால் என்ன என்று ஊரில் கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான்: மதுரைச் சித்திரைப் பொருட்காட்சியையும் அய்யலூர் வியாழக்கிழமை ஆட்டுச்சந்தையையும் ஒரே மைதானத்தில் போட்டுக் கலக்கினால் எப்படி இருக்கும், அப்படி. ராட்டினம், பஞ்சு மிட்டாய், பாட்டுக் கச்சேரி ஒரு பக்கம். ஆடு, மாடு, பன்றி, கோழி, முயல் இன்னொரு பக்கம். நடுவில் ஊர்க்காரர்கள் செய்த ஜாம், தைத்த போர்வை, வரைந்த படம். இதில் மூத்தது கால்நடைப் பக்கம்தான். 1807 இல் மாசசூசெட்ஸின் பிட்ஸ்ஃபீல்ட் ஊர்ச் சதுக்கத்தில் எல்கானா வாட்சன் என்பவர் இரண்டு மெரினோ செம்மறிகளைக் கொண்டுவந்து காட்டியிருக்கிறார். வேடிக்கை பார்க்கக் கூடிய கூட்டத்தைப் பார்த்துத்தான் ஊர்தோறும் இப்படி நடத்தலாமே என்று அவருக்குத் தோன்றியதாம். ராட்டினமெல்லாம் வெகுநாள் கழித்து வந்து ஒட்டிக்கொண்டவை. ராட்சத ராட்டினமே 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் ஃபெர்ரிஸ் என்ற பொறியாளர் நிறுத்திக் காட்டியதற்குப் பிறகுதான் இந்த நாட்டில் பரவியது. ப்ளசன்டனில் இந்த ஃபேர் 1912 இல் தொடங்கியது.

இதெல்லாம் முதல் வருடம் எங்களுக்குத் தெரியாது. ஃபேர் என்றால் ராட்டினம், அவ்வளவுதான் என்று போனோம்.

போன நேரமே தப்பு. ஃப்ரீமான்டில் அன்று காலை மேகமூட்டம், மெல்லிய குளிர். பிள்ளைகளுக்கு ஜாக்கெட் போட்டு, சாவகாசமாகச் சாப்பிட்டுக் கிளம்பினோம். சுனோல் மேட்டைத் தாண்டி இறங்கினால் வேறு ஊர், வேறு வெயில். சான் ஃப்ரான்சிஸ்கோ வளைகுடாவின் குளிர்காற்று மலைக்கு அந்தப்பக்கம் அதிகம் எட்டாது. ஜூன் கடைசியில் ப்ளசன்டன் 38 டிகிரியைத் தொடும் நாட்களும் உண்டு. பதினைந்து மைலில் வெயில் அவ்வளவு மாறிவிடும். இது தெரியாமல் மதியம் ஒரு மணிக்கு, நிழலே இல்லாத தார் மைதானத்தில், ஜாக்கெட்டைக் கையில் சுமந்துகொண்டு வரிசையில் நின்றோம்.

அடுத்த தப்பு உயரம். ஒவ்வொரு ராட்டினத்தின் வாசலிலும் ஓர் அளவுகோல் பலகை நிற்கும். 36 அங்குலம், 42 அங்குலம், 48 அங்குலம் என்று ஆளுக்கொரு கோடு. மூத்தவள் ஒரு டிராகன் ரயிலைத் தூரத்திலேயே பார்த்து ஆசைப்பட்டுவிட்டாள். இருபது நிமிடம் வரிசையில் நின்று போனால் அவளுக்கு ஒரு அங்குலம் குறைகிறது. வாசலில் நிற்கும் பையனிடம் கெஞ்சிப் பிரயோஜனமில்லை, கெஞ்சவும் கூடாது. கம்பி எந்த உயரத்தில் உடம்பைப் பிடிக்கும் என்பதை வைத்துப் போட்ட கணக்கு அது. வீட்டிலேயே சுவரில் நிறுத்தி அளந்து, "உனக்கு இந்தக் கலர் கோடு வரைக்கும்தான்" என்று சொல்லிக் கூட்டிப் போயிருந்தால் அந்த அழுகை வந்திருக்காது.

சின்னவன் விஷயம் இன்னும் கேவலம். அழுகிறானே என்று முதலில் லெமனேட், பிறகு ஃபனல் கேக். புனல் வழியாக மாவைக் கொதிக்கும் எண்ணெயில் சுற்றிச் சுற்றி விட்டுப் பொரித்து, மேலே சர்க்கரைப் பொடியைத் தூவிக் கொடுப்பார்கள். பார்க்க, பாகில் போட மறந்த ஜாங்கிரி மாதிரி இருக்கும். ருசி அபாரம், அதை மறுக்க மாட்டேன். அதை வயிறு முட்ட ஊட்டிவிட்டு உடனே சுழலும் டீக்கோப்பையில் ஏற்றி உட்கார வைத்தது நாங்கள்தான்.

வாத்து பொம்மைக்கு வருவோம். கண்ணாடிப் பாட்டில்கள் அடுக்கியிருக்கும், பிளாஸ்டிக் வளையத்தை எறிந்து கழுத்தில் மாட்ட வேண்டும். வளையத்தின் உள்விட்டம் பாட்டில் வாயைவிட நூலளவுதான் பெரிது. கொஞ்சம் சாய்ந்து விழுந்தாலும் கண்ணாடியில் பட்டுத் துள்ளிவிடும். இது ஏமாற்று இல்லை, கஷ்டமான விளையாட்டு, அவ்வளவுதான். விவரம் தெரிந்தவர்கள் ஒரு தடவை எறிந்து சிரித்துவிட்டு நகர்கிறார்கள். "இன்னும் ஒரே ஒரு தடவை" என்று நின்றது எங்கள் புத்தி.

சரி, 2024.

அந்தக் கோடையில் அத்தை ஆறு மாத விசாவில் வந்திருந்தார். வந்து ஒரு மாதத்தில் அவருக்கு இந்த ஊர் அலுத்துப்போனது. "ஒரு மாடு கத்துற சத்தம்கூடக் கேக்கலையேத்தா" என்பார். எனக்கு அப்போதுதான் உறைத்தது, அரை மணி நேரப் பயணத்தில் ஊரின் ஆடு மாடெல்லாம் ஒரே இடத்தில் கூடப்போகிறதே என்று. இந்தத் தடவை வாரநாள், கதவு திறக்கும் நேரத்துக்கே போனோம். ராட்டினப் பக்கம் தலையைக்கூடத் திருப்பாமல் நேராகக் கொட்டகைகளுக்கு நடந்தோம்.

சிறு பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவர்களுக்கு நான் சொல்ல நினைப்பதில் பாதி இதில் அடங்கிவிடும்: காலையில் முதலில் கொட்டகை. வெயில் ஏறுவதற்குள் ஆடு மாடுகள் சுறுசுறுப்பாக இருக்கும். குளிப்பாட்டுவார்கள், முடி கத்தரிப்பார்கள், தீனி வைப்பார்கள், சாணம் அள்ளுவார்கள். இந்த வேலையெல்லாம் செய்வது பெரியவர்கள் இல்லை, பள்ளிக்கூடப் பிள்ளைகள். நம் பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்ப்பது மாட்டையா, மாட்டைக் குளிப்பாட்டும் பத்து வயது அக்காவையா என்று சொல்ல முடியாது. மதியம் இரண்டு மணிக்குப் போனால் அத்தனையும் மூலைக்கொன்றாகப் படுத்துத் தூங்கும். முந்தின வருடம் பத்து நிமிடம் எட்டிப் பார்த்தபோது நாங்கள் கண்டது அதைத்தான். "போரிங்" என்றாள் மூத்தவள். அவள்மேல் தப்பில்லை.

ஆட்டுக் கொட்டகையில் அத்தையின் நடையே மாறிவிட்டது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒவ்வொரு அடைப்பாகப் பார்த்துக்கொண்டே போனவர் ஓர் இடத்தில் நின்றார். தோளுக்கு வழியும் நீளக் காது, கிளி மூக்கு மாதிரி வளைந்த முகம், செவலை நிறம்.

"இது நம்ம ஊரு ஆடுல்ல?" என்றார்.

பலகையில் நூபியன் என்று எழுதியிருந்தது. "இல்லைங்கத்தை, ஆப்பிரிக்காப் பேரு போட்டிருக்கு" என்றேன்.

"பேரு என்னவோ போடட்டும். ஜம்னாபாரி முகம்தான் இது. நம்ம பண்ணையாரு வீட்டுல வளத்தாக."

அன்று இரவு வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். இந்த நூபியன் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் உருவான இனம். உள்ளூர் ஆட்டோடு இந்தியாவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் கப்பலில் வந்த கிடாக்களைச் சேர்த்து உண்டாக்கியிருக்கிறார்கள். இந்தியாவிலிருந்து போனவற்றில் ஜமுனாபாரி உண்டு. அப்பத்தாவின் கண்ணுக்குத் தெரிந்தது எனக்குத் தெரிய கூகுள் வேண்டியிருந்தது.

அந்த ஆட்டின் சொந்தக்காரன் பதிமூன்று, பதினான்கு வயதுப் பையன். வெள்ளைச் சட்டை, பச்சைக் கழுத்துத் துணி. 4-எச் என்ற அமைப்பின் பிள்ளைகள் போட்டிக்கு இப்படித்தான் உடுத்துகிறார்கள். நீலக் கார்டுராய் ஜாக்கெட் போட்டவர்கள் எஃப்எஃப்ஏ, அது பள்ளியின் விவசாய வகுப்போடு சேர்ந்தது, 1928 இல் தொடங்கியது. 4-எச் அதைவிடப் பழையது, 1902 இல் ஒஹாயோவில் ஒரு பள்ளி ஆசிரியர் தொடங்கிய பிள்ளைகள் சங்கத்திலிருந்து வளர்ந்தது. அதன் சின்னத்தில் நாலிலைக் க்ளோவர் ஒன்று இருக்கும்.

அத்தை அந்தப் பையனைப் பார்த்து ஆட்டின் வாயைக் காட்டினார், தன் பல்லைக் காட்டினார். அவன் புரிந்துகொண்டு தலையாட்டினான். (தொடுவதற்கு முன்னால் கேட்டுவிட வேண்டும். போட்டிக்குப் போகும் விலங்கு, சில பதற்றமாக இருக்கும். கேட்டால் பெரும்பாலும் சந்தோஷமாகச் சரி என்பார்கள்.) அத்தை ஆட்டின் கீழுதட்டை விரலால் இறக்கிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பல்லு. வருசம் ஒண்ணு தாண்டிருச்சு, ரெண்டு ஆகல" என்றார். நான் மொழிபெயர்த்தேன். "பதினாலு மாசம்" என்றான் பையன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். அதற்கப்புறம் அவர்களுக்கு நான் தேவைப்படவில்லை.

"மேல்பல்லு எங்க அப்பத்தா?" என்றாள் மூத்தவள், எட்டிப் பார்த்து.

"ஆட்டுக்கு முன்னால மேல்பல்லு ஏதுடி? மாட்டுக்கும் கெடையாது. வெறும் ஈறுதான். நாக்கால வளைச்சுக் கீழ்ப்பல்லால அறுத்துக்கும்."

ஆறு வயது வரை அப்பத்தாவோடு சரியாகப் பேசத் தெரியாமல் போனில் "ஹாய் அப்பத்தா" என்று நிறுத்திக்கொள்பவள், அன்று பகல் முழுக்க அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டே திரிந்தாள்.

ஏழு நிமிடக் கதை இதற்கு நடுவில்தான் நடந்தது. நாங்கள் எல்லோரும் பல்லைப் பார்த்துக்கொண்டிருந்தோம். திரும்பினால் சின்னவன் இல்லை. "அவர் பிடித்திருக்கிறார்" என்று நானும், "அவள் பிடித்திருக்கிறாள்" என்று வீட்டுக்காரரும் நினைத்திருக்கிறோம். மூன்றரை வயதுப் பிள்ளை அடைப்புகளுக்கு நடுவே நுழைந்தால் தலைகூடத் தெரியாது. கால் ஓடவில்லை எனக்கு, கண்ணீர்தான் ஓடியது. மூன்று வரிசை தள்ளி, ஒரு செம்மறி அடைப்புக்கு வெளியே வைக்கோல் கட்டின்மேல் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஒரு 4-எச் பெண் அவன் கையைத் திருப்பிப் பார்த்து, போனில் எண்ணை அழுத்திக்கொண்டிருந்தாள். என் பை அதிர்ந்தது.

காலையில் கிளம்பும்போது அவன் முன்கையில் என் எண்ணை பால்பாயின்ட் பேனாவால் எழுதி மேலே செல்லோ டேப் ஒட்டியிருந்தேன். கை கழுவினாலும் அழியாமல் இருக்க. வீட்டுக்காரர் அப்போது சிரித்தார். இரண்டு பிள்ளைகளையும் வாசலில் நிறுத்தி ஒரு போட்டோவும் எடுத்திருந்தேன். தொலைந்தால் "என்ன சட்டை?" என்று கேட்கும்போது அம்மா மூளை வேலை செய்யாது, போன் செய்யும். அதோடு இன்னொன்றையும் அன்று பழகினோம்: கூட்டத்தில் யார் பொறுப்பு என்பதை வாய்விட்டுச் சொல்லி மாற்றிக்கொள்வது. "இப்ப இவன் உங்க கையில" என்றால், எதிராளி "என் கையில" என்று திரும்பச் சொல்ல வேண்டும். கேட்கச் சின்னப்பிள்ளைத்தனமாக இருக்கும். பரவாயில்லை.

கொட்டகையிலிருந்து வெளியே வந்ததும் கை கழுவும் தொட்டி. இதில் நான் கறார். ஆரோக்கியமாகத் தெரியும் ஆடு மாடுகளின் சாணத்திலும் ஈ.கோலை கிருமி இருக்கலாம், ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை அது மோசமாகத் தாக்கும். 2012 இல் அமெரிக்காவில் பன்றிகளிடமிருந்து பரவிய ஒருவகை ஃப்ளூ 300 பேருக்கு மேல் வந்தது, பெரும்பாலும் ஃபேர்களில் பன்றியோடு புழங்கிய பிள்ளைகளுக்கு. அதிலிருந்து, ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களும் 65 தாண்டியவர்களும் கர்ப்பிணிகளும் பன்றிக் கொட்டகையைத் தவிர்ப்பது நல்லது என்று அமெரிக்க அரசின் நோய்த்தடுப்பு மையம் சொல்கிறது. ஆகவே சின்னவனும் அத்தையும் வெளியே நின்றார்கள், மூத்தவளும் அப்பாவும் உள்ளே போய்வந்தார்கள். ஸ்ட்ரோலர், பால் புட்டி, வாயில் வைக்கும் ரப்பர், தின்பண்டம் எதுவும் கொட்டகைக்குள் போகக் கூடாது. சானிடைசர் கையில் இருந்தாலும் முதலில் சோப்பும் தண்ணீரும்தான். சாணம் மிதித்த செருப்பைக்கூட வண்டியில் ஏறுமுன் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டோம். அத்தை இதற்கெல்லாம் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "நாங்கள்லாம் சாணியிலயே வளந்தோம்" என்றார். வாதாடவில்லை, கையை மட்டும் கழுவ வைத்தேன்.

மதியம் ஆனதும் வெயில் முகத்தில் அறைந்தது. கூடங்களுக்குள் போய்விட்டோம். அங்கே ஒரு பொம்மை ரயில் கூடம் உண்டு. மலை, பாலம், ஊர், விளக்கு என்று பெரிய மேடையில் ரயில்கள் ஓடிக்கொண்டே இருக்கும். ஓட்டுபவர்கள் எல்லாம் தாத்தாக்கள். சின்னவன் முக்கால் மணி நேரம் அசையவில்லை. இதற்குத் தனிக் கட்டணமும் இல்லை. முந்தின வருடம் இப்படி ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரியாமல் வெயிலில் வாந்தி எடுக்க வைத்துக்கொண்டிருந்தோம்.

ஜாம், ஊறுகாய்க்கெல்லாம் நீல ரிப்பன், சிவப்பு ரிப்பன் கட்டி வைத்திருந்தார்கள். இங்கே நீலம்தான் முதல் பரிசு, சிவப்பு இரண்டாவது. முதல் பரிசு வாங்கிய வெள்ளரி ஊறுகாய் பாட்டிலைக் குனிந்து பார்த்த அத்தை, "இதுல ஒரு சொட்டு எண்ணெய் இல்ல, ஒரு மிளகாய் இல்ல. இதுக்குப் பரிசா?" என்றார். நம் ஆட்கள் யாராவது எலுமிச்சை ஊறுகாயோடு போட்டிக்குப் போக வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

சாப்பாட்டுக்கு வண்டிக்குப் போனோம். எலுமிச்சைச் சாதம், உருளைக்கிழங்கு வறுவல், மோர். மரத்தடியில் நிறுத்த இடம் கிடைத்ததும் சீக்கிரம் வந்ததன் பலன்தான். சைவக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: ஃபனல் கேக் மாவில் முட்டை இருக்கும். பொரிக்கிற எண்ணெய் சில கடைகளில் கார்ன் டாக்குக்கும் அதேதான், அதன் நடுவில் இருப்பது இறைச்சி. சுட்ட சோளம், உருளைக்கிழங்கு, எலுமிச்சைச் சாறு பிரச்சினை இல்லை, சோளத்தில் வெண்ணெய் முக்குவார்கள் அவ்வளவுதான். நாங்கள் ஒரே ஒரு ஃபனல் கேக் வாங்கி ஐந்து பேரும் பிய்த்துத் தின்றோம், ராட்டினம் முடிந்த பிறகு.

ராட்டினம் இந்தத் தடவை ஒரு மணி நேரம். ஆளுக்கு ஒரு உறை, உள்ளே பத்து டாலர். உறை தீர்ந்தால் தீர்ந்தது. மூத்தவள் 42 அங்குலத்தைத் தாண்டியிருந்தாள், அந்த டிராகன் ரயிலில் போனாள், இறங்கி வந்து "அவ்ளோதானா?" என்றாள். அவள் மீதிப் பணத்தை வளைய விளையாட்டில் போடவில்லை. பன்றிப் பந்தயத்துக்குப் போகலாம் என்றாள், அது இலவசம். குட்டிப் பன்றிகள் ஒரு சின்ன வட்டப்பாதையில் ஓடிப்போய்க் கடைசியில் வைத்திருக்கும் ஒரு பிஸ்கட்டுக்கு முண்டும். ஒரு நிமிடம்கூட ஆகாது. கூட்டம் ஜல்லிக்கட்டுக்குக் கத்துவது போலக் கத்தும்.

நிஜக் குதிரைப் பந்தயமும் இருந்தது. அங்குள்ள ஒரு மைல் ஓடுபாதை 1858 இலிருந்து இருக்கிறது, அமெரிக்காவிலேயே பழைய ஒரு மைல் பாதை என்று பெருமையாகச் சொல்வார்கள். பந்தயம் கட்ட வேண்டியதில்லை, கம்பி ஓரம் நின்றால் போதும். குதிரைகள் கடக்கும்போது தரை அதிர்வது காலில் தெரியும். மறு வருட ஃபேரில் பந்தயம் இல்லை. பார்த்தது நல்லதாகப் போயிற்று.

கிளம்ப நினைத்தபோது ஏலக் கூடத்திலிருந்து குரல் கேட்டது. ஏலம் விடுபவர் மூச்சு விடாமல் எண்களை உருட்டிக்கொண்டே போவார், ஒரு வார்த்தை புரியாது, ஆனால் தாளம் தப்பாது. மேடையில் ஒரு பெண், பன்னிரண்டு வயதிருக்கும், தன் பன்றியை மெல்லிய குச்சியால் தட்டித் தட்டி நடத்திக்கொண்டிருந்தாள். நாலைந்து மாதம் முன்னால் சின்னதாக வாங்கி, தினமும் தீனி வைத்து, எடை பார்த்து, நடக்கப் பழக்கி, 250 பவுண்டு பக்கம் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். விலை பவுண்டுக்கு இவ்வளவு என்று கேட்கிறார்கள். உள்ளூர்க் கடைக்காரர்களும் கம்பெனிகளும் சந்தை விலையைவிட நிறைய கூட்டிக் கொடுத்து வாங்குவது வழக்கம், பிள்ளையின் படிப்புக்கு ஆகட்டும் என்று.

விற்றாயிற்று. கைதட்டினார்கள். அந்தப் பெண் சிரித்தாள், வெளியே வந்து பன்றியின் கழுத்தில் முகத்தை வைத்து அழுதாள்.

"ஏன் அழறா? பன்னி எங்க போகுது?" என்றாள் என் மகள்.

வேறொரு பண்ணைக்குப் போகிறது என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். அத்தை முந்திக்கொண்டார்.

"கறிக்குப் போகுது ஆத்தா."

மகள் என்னைப் பார்த்தாள். நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அத்தை அவளை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு சொன்னார். அவருக்கு எட்டு வயதாக இருந்தபோது வீட்டில் கருப்பசாமிக்கு நேர்ந்துவிட்ட கிடா ஒன்று இருந்ததாம். கழுத்தில் மணி கட்டி, ராத்திரி பக்கத்திலேயே படுக்கவைத்துக்கொள்வாராம். திருவிழா அன்று அது போயிற்று. "மூணு நாளு நான் சோறு திங்கல. நாலாம் நாளு திண்டேன். அந்தக் கிடா பேரு இன்னும் ஞாபகம் இருக்கு."

"பேர் என்ன?"

"மயிலு."

மகள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அந்த அக்காவிடம் போய்ப் பன்றியின் பெயரைக் கேட்டுவிட்டு வந்தாள். இரண்டு வாரம் வீட்டில் சாசேஜ் தொடவில்லை, அப்புறம் சாப்பிட்டாள். ஆறு வயதுப் பிள்ளைக்கு இதைச் சொல்லியிருக்கலாமா என்று எனக்கும் வீட்டுக்காரருக்கும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. பொய் சொல்லியிருந்தால் அந்தப் பெண் அழுதது அவளுக்கு எந்நாளும் புரியாமலே போயிருக்கும் என்பது என் கட்சி. உங்கள் பிள்ளைக்கு இது தாங்காது என்று தோன்றினால், ஏலம் எந்த நாள் என்று பார்த்துவிட்டு வேறு நாளில் போய்விடுங்கள்.

அத்தை அக்டோபரில் ஊருக்குப் போய்விட்டார்.

2025 இல் மூத்தவள் தானே ஒரு படம் வரைந்து ஃபேருக்குக் கொடுக்க வேண்டும் என்றாள். பிள்ளைகளுக்குத் தனிப் பிரிவு உண்டு: படம், லெகோ, களிமண், கப் கேக், எது வேண்டுமானாலும். ஒன்றே ஒன்று, பதிவு கோடைக்கு முன்பே முடிந்துவிடும், ஃபேர் தொடங்கியபின் ஆசைப்பட்டால் கிடையாது. மார்ச்சிலிருந்தே இணையதளத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள். அவள் வரைந்தது ஓர் ஆடு. செவலை, நீளக் காது, வளைந்த மூக்கு, வாய் நிறையச் சிரிப்பு. சுவரில் மாட்டியிருந்தார்கள். பரிசு இல்லை, பங்கேற்பு ரிப்பன்தான். அதன் முன்னால் அவளை நிறுத்தி போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் திண்டுக்கல்லுக்கு அனுப்பினேன். மறுநாள் காலை வீடியோவில் வந்தார் அத்தை.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு. மேல ஏதுடி அத்தனை பல்லு? அன்னைக்கு வாயத் தொறந்து காட்டினேன்ல?"

"தெரியும் அப்பத்தா. பாவம்னு நான்தான் வெச்சேன்."